பச்சை இலை ஒட்டிய சூப்

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், சண்முகராசாவின் வீட்டுப் பின்வளவில் ஒரு மரக்கொட்டில் உண்டு. முன்பு இருந்தவர்கள் புல்லு வெட்டும் மெசினுக்காகக் கட்டியது. சண்முகராசா அதற்குள் ஒரு காஸ் அடுப்பு, ஒரு மண்சட்டி, ஒரு கத்தி, ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் டூட்டிங்கில் மீன் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் கால் வைக்காமல் பக்கவழியால் நேரே கொட்டிலுக்குப் போவார். அங்கேயே வெட்டி, அங்கேயே சமைத்து, மழையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே சாப்பிடுவார். பிறகு தோட்டக் குழாயில் வாய் கொப்பளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மனைவி வெளியே துரத்திவிட்டாளா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டார். விளக்கம் சொல்லப் போனால் இருபத்துநாலு வருசத்தை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும்.

அவர்களுடைய ஒரே பிள்ளை கோசிகா, பாரிசில் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். தொள்ளாயிரம் கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கிலும் வாயிலும் குழாய்களோடு, தோல் உரித்த அணில்போலக் கிடந்தாள். தாய் ஜெயகௌரி கடற்கரை ஊர்க்காரி. மீன் இல்லாத நாளில் சோற்றோடு கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறவள். அவள் அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துச் சந்நிதி முருகனிடம் ஒரு சொல் சொன்னாள்: பிள்ளை தானாக மூச்சு விட்டால், சாகும்வரைக்கும் என் வாயில் மச்சம் படாது. பதினோராம் நாள் குழாய்களைக் கழற்றினார்கள். பிள்ளை மூச்சு விட்டது.

அன்றிலிருந்து மீன், இறைச்சி, முட்டை, கருவாடு, மாசி ஒன்றும் வீட்டுக்குள் வரவில்லை. பிள்ளைக்கு முன்னால் பேச்சிலும் வரவில்லை. மீன்களின் பெயர்களைக் கோசிகா பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள், அதுவும் ஆங்கிலத்தில். தானும் விட்டுவிடுகிறேன் என்று சண்முகராசா சொன்னபோது ஜெயகௌரி சம்மதிக்கவில்லை.

"நேர்த்தி என்ரை. அதுக்குள்ளை நீங்கள் ஏன் வாறியள்? உங்களுக்குச் சாமியுமில்லை ஒண்டுமில்லை. வீட்டுக்கு வெளியிலை என்னத்தையெண்டாலும் தின்னுங்கோ."

அப்படித்தான், லண்டனுக்கு வந்தபிறகு, கொட்டில் வந்தது.

அந்த இருபத்துநாலு வருசத்தில் கடைசிப் பதினொரு வருசமும் சண்முகராசாவுக்கு வேலை யப்பான் சாப்பாட்டுக் கடை ஒன்றில். அதற்கு முன்பு பாரிசில் ஓட்டல் குசினிகளில் கோப்பை கழுவினார். மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் நின்றார். கடைசியில் விம்பிள்டன் ஸ்டேசனுக்குப் பின்தெருவில் இருந்த இந்தக் கடையில் வந்து நிலைத்தார். மிச்சத்திலிருந்து ட்ராமில் கால்மணித்தியாலம். முதலாளி மலேசியச் சீனர். யப்பான்காரர் என்று கடையில் இருந்தது ஒரே ஒருவர், தலைமைச் சமையல்காரர் கென்ஜி. சண்முகராசாவின் பொறுப்பு சோறு. அரிசியைப் பால் போகும்வரை கழுவி, அவித்து, அகன்ற மரத்தட்டில் கொட்டி, வினாகிரி விட்டு, மர அகப்பையால் வெட்டி வெட்டிக் கிளறி, விசிறியால் ஆறவைப்பது. கென்ஜி வந்து ஒரு விரலால் சோற்றைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவார். சண்முகராசாவின் வாழ்க்கையில் அவருக்குத் தவறாமல் கிடைத்துவந்த ஒரே பாராட்டு அதுதான்.

அடுத்த தெருவில் இருக்கும் மேரிசாந்தி, ஜெயகௌரியின் கூட்டாளி, பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்பவள். அவள் இந்த வேலையை ஒருநாளும் மதித்ததில்லை.

"ஆறின சோத்துக்குக் காடி விட்டு விக்கிறியள். சனமும் வரிசையிலை நிக்குது. உதை நாங்கள் மாட்டுக்கெல்லோ அண்ணை வைச்சனாங்கள்."

"மாட்டுக்கு இப்பிடி விசிறி பிடிக்கிறேல்லை, மேரி."

"ஓம், மாடு இன்னும் அந்த அளவுக்கு வரேல்லை."

ஜெயகௌரி சிரிப்பாள். கடையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை. கணவர் வேலை முடிந்து வந்தால் உடுப்பை நேரே மெசினுக்குள் போடவேண்டும், அவ்வளவுதான்.

போன ஆவணியில் அவளுக்குக் குடலில் கட்டி என்றார்கள். வெட்டினார்கள். பிறகு கீமோ. இரண்டாவது கீமோவோடு வாய் மரத்துப்போனது. சோறு மணல் என்றாள். பால் இரும்பு என்றாள். ரசம் வைத்துக்கொடுத்தால் மணத்துக்கே கையால் தள்ளினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வனிலாப் பால்மா போத்தல்கள் பிரிட்ஜுக்குள் அடுக்கியபடி கிடந்தன. ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவள் கார்த்திகை முடிய நாற்பத்தொன்றுக்கு வந்தாள். நாற்பதுக்குக் கீழே போனால் அடுத்த மருந்தை உடம்பு தாங்காது, நிறுத்திவிடுவோம் என்று நேர்ஸ் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நாற்பது என்பது ஒரு எண்ணாக இருக்கவில்லை. குளியலறைத் தராசில் ஜெயகௌரி ஏறும்போது சண்முகராசாவும் கோசிகாவும் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சூப் யோசனை கோசிகாவுடையது. இருபத்துநாலு வயது, நோர்பரியில் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் சோதிப்பவள்.

"அப்பா, மிசோ சூப் வீகன் தானே? என்ரை வேலையிலை எல்லாரும் குடிக்கிறவை. உங்கடை கடையிலை இருக்கும்."

இருந்தது. பதினொரு வருசமாகச் சண்முகராசாவின் கைக்கு எட்டும் தூரத்தில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சூப் பக்கம் ஒரு நேபாளத்துப் பெண்ணின் பொறுப்பு, அவர் போவதில்லை; கடை முழுக்க மீன் மணம், அதில் எதுவும் தனியாகத் தெரியாது. மிசோ என்பது சோயாவை அரைத்துப் புளிக்கவைத்த களி என்பது தெரியும். மேலே சோயாக்கட்டியும் கடற்பாசியும் மிதப்பதும் தெரியும். பார்சல் கொடுக்கும் கிண்ணத்தின் மூடியில் பச்சை இலை போட்ட சிறு வட்டம் ஒட்டுவார்கள். மரக்கறி என்பதற்கு அடையாளம். அதற்குமேல் என்ன பார்க்க இருக்கிறது? அன்று பின்னேரம் ஒன்று கொண்டுவந்தார்.

குசினி மேசையில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜெயகௌரி இருந்தாள். முதலில் மூடியைத்தான் எடுத்துப் பார்த்தாள். இலையை நகத்தால் தடவினாள்.

"மச்சம் இல்லைத்தானே?"

"இல்லையப்பா. சோயா. உழுந்து மாதிரி அரைச்சுப் புளிக்கவைக்கிறது."

"அடிச்சுச் சொல்லுவியளோ?"

"நான் அங்கை வேலை செய்யிறனோ, நீர் வேலை செய்யிறீரோ?"

கோசிகா சூடு பார்க்க ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தாயிடம் கொடுத்தாள். ஜெயகௌரி ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு மிடறு. பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்துவிட்டு வைத்தாள். மூன்று மாதத்தில் அவள் முழுதாக முடித்த முதல் சாப்பாடு. தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள். பார்த்தால் ஏதும் குழம்பிவிடும் போல இருந்தது.

"இதிலை ஏதோ ஒரு ருசி கிடக்கு," என்றாள் ஜெயகௌரி. "தெரிஞ்ச ருசி. பேர் வருகுதில்லை."

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் அந்தச் சூப்புக்குள் இரண்டு கரண்டிச் சோறும் போட்டுக் கரைத்துக் குடித்தாள். மார்கழி முழுக்கச் சண்முகராசா கையில் கடதாசிப் பையோடு ட்ராமில் வந்தார், பை சாயாதபடி மடியில் வைத்து. தராசு நாற்பத்திரண்டரை காட்டியது. அடுத்த கீமோ ஏறியது.

தை பிறந்து இரண்டாம் கிழமை, நேபாளத்துப் பெண் பல்லுக்கொதியென்று வேலைக்கு வரவில்லை. சூப்பையும் பார்த்துக்கொள்ளும்படி கென்ஜி சண்முகராசாவிடம் சொன்னார். சண்முகராசா அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பெரிய தகரத்தை இறக்கித் திறந்தார். உள்ளே மரம் சீவின தூள்போல, இளஞ்சிவப்பும் பழுப்புமாக, காற்றுக்கே பறக்கும் செதில்கள்.

மூக்குத்தான் முதலில் கண்டது. கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு செதிலை எடுத்து நாக்கில் வைத்தார். புகை, உப்பு, அடியில் ஒரு தித்திப்பு. உரலில் இடித்துச் சம்பலுக்குள் போடுகிற காய்ந்த மீன், மாசி. சந்தேகமே இல்லை. ஜெயகௌரிக்குப் பெயர் வராமல் போன ருசி இதுதான்.

"இது என்ன?" என்று கென்ஜியைக் கேட்டார்.

"கட்சுவோ," என்று சொல்லிவிட்டு, கென்ஜி போனில் ஒரு படத்தைக் காட்டினார். சூரை மீன். அவித்து, புகையில் போட்டு, காயவைத்து, கட்டையாக இறுகினபிறகு சீவுவது. இரண்டு பேரும் பேசியது ஆங்கிலம், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாதது. அதனால் கதை எப்போதும் சுருக்கமாக முடியும்.

"மூடியில் பச்சை இலை ஒட்டுகிறோமே?"

"முதலாளி ஒட்டச் சொன்னார். மீன் உள்ளே இருக்காது. கொதிக்கவைத்து வடித்து எறிந்துவிடுகிறோம். தண்ணீர் மட்டும்தான்."

"அந்தத் தண்ணீர் மீன் இல்லையா?"

கென்ஜி உண்மையாகவே யோசித்தார். "எங்கள் ஊரில் இதை யாரும் மீன் என்று எண்ணுவதில்லை. இது தாஷி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. மரக்கறி சமைத்தாலும் இதில்தான் அவிப்போம்." பிறகு, "கோயில் சாமிமார் மட்டும் வேறு. மீன் தொடமாட்டார்கள். கொம்பு போடுவார்கள்," என்றார்.

"கொம்போ? மாட்டுக்கொம்போ?"

கென்ஜிக்கு விளங்கவில்லை. அலுமாரியைத் திறந்து, தோல்பட்டிபோலத் தடித்த கறுப்புக் கடற்பாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுதான் கொம்பு. அதோடு காய்ந்த காளான். இரண்டையும் குளிர்தண்ணீரில் ஊறப்போட்டால் சாமிமாரின் தாஷி. ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். "யாருக்கு?" என்று கேட்டார்.

"மனைவிக்கு. அவ சைவம். ஒவ்வொரு நாளும் இதைக் குடிக்கிறா."

கென்ஜி அன்று மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் மூடிகளை அடுக்கிவைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த பச்சை இலைகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தார். ஒட்டாத இலைகள் இருந்த சுருளைக் குப்பைவாளிக்குள் போட்டார்.

அன்று சண்முகராசா வீட்டில் தானே சூப் வைத்தார். கொம்பும் காளானும் ஊறின தண்ணீர், மிசோ, சோயாக்கட்டி, கடற்பாசி. நிறம் அதே நிறம். கடையிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்திலேயே ஊற்றி, பழைய மூடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஜெயகௌரி ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"இது அது இல்லை."

"அதேதான். ஆள் மாறி வைச்சது. கொஞ்சம் குடியும்."

"ஏலாது. அடியிலை ஒண்டுமில்லை. வெறும் தண்ணி."

கென்ஜி சொன்ன அதே சொல், தலைகீழாக. அடுத்த நாளும் தள்ளினாள். மூன்றாம் நாள் சூப் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தராசு நாற்பது புள்ளி மூன்று காட்டியது. அடுத்த மருந்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மேரிசாந்தி வந்தபோது குசினி மேசையில் கறுப்புப் பட்டிகளைக் கண்டாள்.

"இதென்ன அண்ணை?"

"கொம்பு."

"கொம்பிலை சூப்போ? அது மச்சமெல்லோ. விசரே உங்களுக்கு?"

சண்முகராசா அவளைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு, தான் வாசலில் நின்றபடி முழுவதையும் சொன்னார். மேரிசாந்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். 

"தெரியாமல் குடிச்சவவுக்குப் பாவமில்லை. உங்கடை சாமியும் அப்பிடித்தான் சொல்லும், எங்கடை சாமியும் அப்பிடித்தான் சொல்லும்."

"இனித் தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடிக் குடுக்கிறது? சொன்னால் ஒரு சொட்டும் குடிக்கமாட்டா. போனதை நினைச்சே செத்துப்போவா. பிள்ளைக்கு ஏதும் வந்திடுமெண்டு செத்துப்போவா."

"அப்ப சொல்லாதேங்கோ. பாவத்தை நீங்கள் எடுங்கோ. வருத்தத்தையும் அவதான் எடுத்தவ, நேர்த்தியையும் அவதான் எடுத்தவ. ஆம்பிளையளுக்கு எடுக்க வேறை என்ன கிடக்கு?"

மறுநாள் கடைக்குப் போனதும் சண்முகராசா பின்னால் இருந்த பெரிய குப்பைத்தொட்டியைத் திறந்து, பைகளைப் பிரித்துப் பிரித்துத் தேடினார். கிழமைக் குப்பை இன்னும் போகவில்லை. முட்டைக்கோசுத் தோலுக்குள் சுருள் கிடந்தது. துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வேலை முடிந்ததும் கிண்ணத்தில் கடைச் சூப்பை ஊற்றி மூடி, ஸ்டேசனில் ஒரு மரவாங்கில் குந்தியிருந்து, ஒரு பச்சை இலையை உரித்து மூடியின் நடுவில் ஒட்டினார். ஓரம் சுருங்கியிருந்தது. பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

ஜெயகௌரி இலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். "இதுதான்," என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு இலை. சண்முகராசா களவெடுத்தவரல்ல, பொய்யும் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் கைப்பழக்கம் எதற்கும் வந்துவிடும். சோற்றைக் கிளறுவதுபோல இதுவும் கைக்கு வந்தது.

கொட்டிலை மூடினார். நேர்த்தியை இருபத்துநாலு வருசம் அவள் காத்தாள், இனி மிச்சத்தைத் தான் காத்தால் கணக்குச் சரிவருமோ என்று ஒரு எண்ணம். யாரிடம் அந்தக் கணக்கைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது, சாமி என்று ஒன்றை அவர் பழகியதில்லை. மண்சட்டியைக் கழுவி மேரிசாந்தியிடம் கொடுத்தார். "உங்கடை பாவச்சட்டியை என்ரை தலையிலையோ கட்டுறியள்?" என்று கேட்டுக்கொண்டே அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

ஜெயகௌரி கவனித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, ரெண்டு சனி கொட்டிலுக்குப் போகேல்லை என்ன?"

"மனமில்லை."

"நான் படுத்துக் கிடக்கிறனெண்டு நீங்களும் பட்டினி கிடவாதேங்கோ. போய் ஒரு விளைமீன் வாங்கிச் சமையுங்கோ. எனக்கு மணமும் வராது இப்ப."

அந்த மாதம் கோசிகாவுக்குத் தடிமன், இருமல். லண்டனில் தையில் எவருக்குத்தான் தடிமன் இல்லை. ஆனால் அவள் குளியலறைக்குள் இருமும்போது சண்முகராசா படிக்கட்டில் நின்று கேட்டார். இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் மூச்சு இழுபடுகிறதா என்று கேட்டார். கதவைத் திறந்துகொண்டு வந்தவள், "என்னப்பா, ஏன் இதிலை நிக்கிறியள்?" என்றாள். ஒன்றுமில்லை என்றார். அவள் மூக்கைச் சீறிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவர் படியிலேயே இருந்தார்.

சிவராத்திரி வந்தது. டொக்டர்மார் கேட்டால் சத்தம் போடுவார்கள் என்று தெரிந்தும் ஜெயகௌரி விரதம் இருக்கப்போவதாகச் சொன்னாள். ஒரு பகல், ஓர் இரவு. அவளோடு வாதாட அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. விடிந்ததும் மேரிசாந்தி பிடித்துவிட முழுகி, திருநீறு பூசி, சந்நிதி முருகனின் படத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தாள். விரதம் முடிக்கும் பாறணைக்கு அவள் கேட்டது அந்தச் சூப்பைத்தான்.

முதல்நாள் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்திருந்ததைச் சண்முகராசா சூடாக்கினார். கிண்ணத்தைப் படத்துக்குக் காட்டிவிட்டு, கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு, அவள் குடித்தாள். அவர் பக்கத்தில் துவாயோடு நின்றார்.

"நான் ஒழுங்காப் படிக்கவுமில்லை, உழைக்கவுமில்லை," என்றாள். "அம்மாவின்ரை செத்தவீட்டுக்குப் போகவுமில்லை. இந்த நேர்த்தி ஒண்டைத்தான் ஒரு பிழையும் விடாமல் காப்பாத்தினனான். அதாலைதான் பிள்ளை நிக்குது."

துவாயை அவளுடைய வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சூப்பை ஒற்றி எடுத்தார். 

அந்தக் கிழமை தராசு நாற்பத்திரண்டு காட்டியது. அதைச் சொல்ல மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் தராசைப் பற்றிக் கேட்கவேயில்லை. புதிதாக எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, இனி மருந்தால் பயனில்லை என்றார். கோசிகா தமிழில் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, "அம்மா, ஸ்டொப் பண்ணப் போயினமாம்," என்றாள். ஜெயகௌரி தலையாட்டினாள். நாற்பதுக்குக் கீழே போகவிடாமல் மாதக்கணக்காகப் பிடித்துவைத்திருந்தது எதற்காக என்று சண்முகராசா யோசித்தார். அவர் ஒட்டின இலைகள் நாற்பத்துச்சொச்சம். அத்தனையும் இந்தப் படத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

பத்து நாளில் அவள் போனாள். கடைசி மூன்று நாளும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. சூப்புக் கிண்ணம் கட்டிலருகில் ஆறி, மிசோ அடியில் மண்போலப் படிந்து, மேலே தெளிந்த தண்ணீராக நின்றது.

எரிக்கக் கவுன்சில் கொடுத்த திகதி பன்னிரண்டு நாள் தள்ளி. எட்டுச்செலவும் அதற்கேற்ற மாதிரித் தள்ளித்தான் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வாழையிலையில் படைக்கிற நாள். குடிகாரர் செத்தால் சாராயமும், மீன் விரும்பி செத்தால் மீன்குழம்பும் வைப்பார்கள். ஜெயகௌரிக்கு எல்லாம் மரக்கறி. மோர்டனிலிருந்தும் நோர்பரியிலிருந்தும் வந்த பெண்கள் காலையிலிருந்தே குசினியில் நின்றார்கள். கத்தரிக்காய், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், வடை. ஐயர் மாசி மாதம், பூர்வபக்கம், நவமி என்று திதியைச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருசத் திவசத்துக்காகக் கோசிகா அதைப் போனில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, அம்மான்ரை சூப்பும் வைக்கோணும்," என்றாள். "அவ கடைசியாய் விரும்பிக் குடிச்சது அதுதானே. போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

குசினிக்குள் நின்ற மேரிசாந்தி கத்தியை வைத்துவிட்டுச் சண்முகராசாவைப் பார்த்தாள். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

கென்ஜி கிண்ணத்தை நிரப்பித் தந்து, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்தார். திரும்பி வரும்போது ட்ராமில் இடமிருந்தும் சண்முகராசா நின்றுகொண்டே வந்தார். பை கையில் சூடாக இருந்தது. இதை வாழையிலையில் வைத்தால், அவள் ஒரு பிழையும் விடாமல் காத்ததை, அவளுடைய சாமிக்கும் பிள்ளைக்கும் முன்னால் தானே உடைத்து வைப்பது. கொம்புச் சூப்பை வைத்தால், அவள் தள்ளிவிட்ட வெறும் தண்ணீரை, இனித் தள்ள ஏலாதவளுக்கு முன்னால் வைப்பது. மிச்சத்தில் இறங்கிக் கொஞ்சநேரம் தரிப்பிடத்தில் நின்றார். பிறகு கிண்ணத்தைத் திறந்து, தண்டவாளப் பக்கமாக இருந்த வடிகாலுக்குள் ஊற்றினார். மாசி மணம் ஒருமுறை எழும்பி அடங்கியது.

பக்கவழியால் கொட்டிலுக்குள் போனார். கொம்பும் காளானும் மிசோவும் மிச்சம் இருந்த பையை அங்கேதான் ஒளித்துவைத்திருந்தார். காஸ் அடுப்பை மூட்டி, மண்சட்டி இல்லாததால் ஒரு தகரப் பாத்திரத்தில் சூப்பை வைத்தார். வெறுங்கிண்ணத்தில் ஊற்றி, சுருளில் கடைசியாக இருந்த இலையை ஒட்டினார். இந்தமுறை அது பொய்யில்லை.

படைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். தேவாரம் படித்தார்கள். ஜெயகௌரியின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் எல்லாம் இருந்தது, ஓரத்தில் மூடி திறந்த கிண்ணமும். சனம் முன்னறையில் சாப்பிட இருந்தபிறகு, கோசிகா படையலில் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். தாய்க்குச் சூடு பார்த்த அதே கரண்டியால் ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுழித்தாள்.

"அப்பா, இது அது இல்லை."

சண்முகராசா கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேறை கடையோ? ருசி இல்லை. ஒண்டுமேயில்லை. அம்மாக்கு ஏனப்பா இதை வைச்சனீங்கள்?" அவளுடைய குரல் உடைந்தது. "கடைசியா ஒண்டு, ஒரே ஒண்டு, அதையும் ஒழுங்கா வாங்க ஏலாதோ? அதிலை என்ன இருந்தது? இதிலை ஏன் இல்லை?"

சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. இவளுக்குச் சொல்லாவிட்டால் இந்த உலகத்தில் வேறு யாருக்குச் சொல்வது. வாயைத் திறந்தார். வந்தது ஒரு சொல்தான்.

"மாசி."

கோசிகா அவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் ஒரு சாப்பாட்டின் பெயராகக் கேட்டதில்லை. அவளுடைய கோபம் மெல்ல இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"ஓமப்பா, மாசிதான். மாசி, நவமி. நான் போனிலை போட்டிட்டன். நீங்கள் ஞாபகம் வைச்சிருக்கத் தேவையில்லை."

கிண்ணத்தில் இருந்ததைத் தொட்டியில் ஊற்றினாள். பச்சை இலை ஒட்டிய மூடியையும் கிண்ணத்தையும் குப்பைவாளிக்குள் போட்டாள். முன்னறையில் யாரோ பாயாசம் கேட்டார்கள். அவள் கொண்டுபோனாள்.